எண்ணும் இங்கிதமும்

(எலுவன்குளத்தில் பெற்றோரும் முன்பள்ளி ஆசிரியைகளும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவு)



சிறு குழந்தைகளுக்கு நன்னடத்தை பழக்குவது எவ்வாறு, எண்ணறிவு ஊட்டுவது எவ்வாறு என்னும் இரண்டு விஷயங்களையும் தனித்தனியே எடுத்துப் பேசும்படி என்னைக் கேட்டிருந்தீர்கள். இரண்டையும் சேர்த்தே பேசுவதற்கு உங்கள் அனுமதியை வேண்டுகிறேன். மூன்று வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடைப்பட்ட பருவத்திலே இவ்விரண்டும் ஒரே வேலையில், ஒரே வேளையில், பெரும்பாலும் வீட்டுக் குசினியிலும் முற்றத்திலும் பயிலப்படுவன என்பதும், அவற்றை வெவ்வேறு பாடங்களாகப் பிரித்துக் கரும்பலகையில் எழுதி ஒப்புவிக்கச் செய்யத் தொடங்கிய இடத்திலேயே இரண்டும் பழுதுபடுகின்றன என்பதும் என் உறுதியான அபிப்பிராயம்.

புத்தளத்திலிருந்து மன்னாரை நோக்கிச் செல்லும் பழைய வீதி வில்பத்து வனத்துள் நுழைவதற்கு முன்னே, கலா ஓயா தன் நெடும் பயணத்தை முடித்துக் கண்டல் மரங்களுக்கிடையே களப்பிற் கலக்கும் இப்பகுதியில் வளரும் குழந்தைக்கு, எண்ணிக்கை எதற்கு உதவும் என்பதைப் புத்தகத்தைக் காட்டி விளக்கவேண்டிய அவசியமில்லை. மாரி காலத்தில் ஆறு பெருகிச் சப்பாத்துப் பாலத்தின்மேல் வெள்ளம் பாயும்போது, இன்றோடு எத்தனை நாளாக வீதி அடைபட்டுக் கிடக்கிறது, பானையில் இன்னும் எத்தனை சுண்டு அரிசி இருக்கிறது, அடுத்த வீட்டுக்குக் கொடுத்தது போக மிஞ்சுவது எவ்வளவு என்று பெரியவர்கள் பேசிக்கொள்வதை அது கேட்டுக்கொண்டே இருக்கிறது. கரையில் மீனைப் பங்கு வைக்கும்போது வள்ளத்துக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று குவியல் குவியலாய்ப் பிரிப்பதையும், ஒரு குவியல் சற்றே தாழ்ந்திருந்தால் மூத்தவர் ஒருவர் ஒன்றும் பேசாமல் தம் பங்கிலிருந்து ஒரு மீனை எடுத்து அதில் இடுவதையும் அது கண்கொட்டாமல் பார்க்கிறது. அந்த ஒரு மீனை எடுத்து வைத்த செயலிலே கணக்கு எது, மரியாதை எது என்று பிரித்துச் சொல்ல நம்மால் இயலுமா?

பங்கிடுதலைப் பற்றியே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நாலு வயதுப் பிள்ளை ஒன்றிடம் ஒரு பிடி புளியங்கொட்டையைக் கொடுத்து, உனக்கும் தம்பிக்கும் சமமாகப் பிரி என்று சொல்லுங்கள். பெரும்பாலான குழந்தைகள், ‘எனக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று’ என்று கிரமமாக வைத்து வெகு நேர்த்தியாகப் பிரித்துவிடும். பிரித்து முடித்தபின், ஒரு குவியலை மாத்திரம் எண்ணச் சொல்லுங்கள். ஆறு என்று சொல்லும். மற்றக் குவியலில் எத்தனை என்று, எண்ண விடாமற் கேட்டுப் பாருங்கள். சமமாகப் பிரித்தது தானே என்றாலும், அங்கும் ஆறுதான் இருக்கவேண்டும் என்பது அந்தக் குழந்தைக்குத் தோன்றுவதில்லை. இங்கிலாந்தில் பிரைட்மன், பிரையன்ட் என்னும் இரு ஆய்வாளர்கள் 1988ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியிலே நாலு வயதுக் குழந்தைகளிடம் கண்டது இதுவே. சமமாகப் பங்கிடும் வழக்கம் குழந்தையின் கைக்கு முதலில் வருகிறது. சமமென்றால் தொகையும் ஒன்றே என்னும் ஞானம் அதன் பின்னரே மெல்ல மெல்லப் புத்திக்கு வருகிறது. நியாயமாகப் பகிர்ந்துகொள்ளும் பழக்கமே எண்ணறிவுக்கு வாசற்படியாக இருக்கிறதென்று நான் சொன்னால் அது உபசார வார்த்தை அன்று.

இதற்கு முன்னரே, 1941ஆம் ஆண்டில், சுவிற்சர்லாந்து தேசத்துப் பியாஜே என்னும் அறிஞர், அலினா சேமின்ஸ்கா என்ற அம்மையாருடன் சேர்ந்து, குழந்தை எண்ணை எவ்வாறு கிரகிக்கிறது என்பதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். முட்டைகளையும் முட்டைக் கிண்ணங்களையும், பூக்களையும் பூச்சாடிகளையும் குழந்தையின் முன் வைத்து, ஒன்றுக்கு ஒன்றாகச் சோடி சேர்க்கச் செய்து, பிறகு ஒரு வரிசையைச் சற்றே அகலப் பரப்பி, இப்போது எது அதிகம் என்று அவர்கள் கேட்டார்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுட் பலர் பரந்து கிடக்கும் வரிசையைக் காட்டி, இதுவே அதிகம் என்றார்கள். எண்ணத் தெரியாததனால் மாத்திரம் வந்த பிழையன்று இது. ஏழு வரை சரியாக எண்ணக்கூடிய பிள்ளையும் இவ்வாறு சொல்லும். எண்ணிக்கை இடத்தால் மாறாது என்னும் உறுதி, பொருள்களைப் பலமுறை பரப்பியும் கூட்டியும் பார்த்த கைகளுக்கே வாய்க்கிறது. நம் ஊர்ப் பெண் பிள்ளைகள் பல்லாங்குழி ஆடும்போது, குழியிலிருந்து வாரி எடுத்ததைக் குழிக்கு ஒன்றாக இட்டுச் செல்லும் ஒவ்வொரு சுற்றும் அந்த அப்பியாசந்தான் என்பதை நாம் கவனிப்பதில்லை. நேரத்தை வீணாக்காதே என்று சொல்லிப் பலகையைப் பறித்துக் கொப்பியைக் கையிற் கொடுக்கிறோம்.

ஒப்புவித்தல் வேறு, எண்ணுதல் வேறு என்பதைப் பெற்றோர் தம் கண்ணாலேயே காணலாம். ஒன்றிலிருந்து இருபது வரை மூச்சு விடாமற் சொல்லும் குழந்தையைப் பார்த்துத் தாய் பூரிக்கிறார். மூத்தம்மா உச்சி முகர்கிறார். அதே குழந்தையின் முன்னே ஏழு சிப்பிகளைப் பரப்பி எண்ணச் சொல்லுங்கள். விரல் ஒரு வேகத்திற் போகும், வாய் மற்றொரு வேகத்திற் போகும். ஒரு சிப்பியை இருமுறை தொட்டு, இன்னொன்றைத் தாண்டி, ஒன்பது என்று வந்து நிற்கும். அன்றி, தற்செயலாய்ச் சரியாக ஏழு என்றே முடித்தாலும், ‘அப்படியானால் எத்தனை சிப்பி?’ என்று கேட்டவுடன் விடை சொல்லாமல் மறுபடியும் ஒன்று, இரண்டு என்று தொடங்கிவிடும். ஒரு பொருளுக்கு ஒரு சொல், சொற்களின் வரிசை மாறாது, கடைசியிற் சொன்ன சொல்லே முழுத்தொகை என்னும் இம்மூன்றும் எண்ணுதலின் அடிப்படை விதிகளுள் அடங்குவன என்று கெல்மன், கலிஸ்டல் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1978இல் எழுதினார்கள். நல்ல ஆசிரியை ஒருவர் இந்தப் பெயர்களை அறியாமலே இவற்றை அறிந்திருப்பார். குழந்தையின் சுட்டு விரலைத் தம் கையாற் பிடித்து, தொட்ட சிப்பியை ஒருபுறமாக நகர்த்தி வைத்துப் பிறகு அடுத்ததைத் தொடச் செய்வார். அந்த நகர்த்தலிலே பாடம் முழுதும் இருக்கிறது.

மனனம் செய்வதை நான் இகழ்வதாக யாரும் கொள்ளலாகாது. நம் முன்னோருடைய திண்ணைப் பள்ளிக்கூடங்களிலே பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பயின்றார்கள். எண்சுவடியை மாலை வேளையிற் கூட்டமாக நின்று முறை சொன்னார்கள். முந்திரி என்னும் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு, காணி என்னும் எண்பதில் ஒரு பங்கு, மா என்னும் இருபதில் ஒரு பங்கு என்று அவர்கள் பாடமாக்கிய சின்னங்களை இன்று பல்கலைக்கழகப் பட்டதாரிகளும் கூட்டிப் பார்க்கத் தயங்குவார்கள். அந்தக் கணக்கு நெல் அளக்கும் களத்தோடும் நிலம் அளக்கும் கோலோடும் பிணைந்திருந்தபடியால் மனனம் செய்தது வாழ்க்கையிலே பொருள் பெற்றது. சென்னை எழும்பூரில் இராணுவ வீரரின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதியை 1789 முதல் நடத்திய அண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், தமிழ்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதையும், மூத்த மாணாக்கன் இளையவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதையும் கண்டு, அந்த முறையைத் தம் விடுதியிற் கையாண்டு, 1797இல் இலண்டனில் நூலாக அச்சிட்டார். இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் இலட்சக்கணக்கானோர் பின்னர் அம்முறையிலேயே எழுத்தறிந்தார்கள். ஆனால் அதே திண்ணையிலே கோதண்டம் என்று பிள்ளையைக் கயிற்றிலே தொங்கவிடும் தண்டனையும் இருந்தது. பெண் பிள்ளைகளுக்கும் தாழ்த்தப்பட்டோரின் பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் அங்கே இடமில்லாதிருந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தின் மணலை நான் மதிக்கிறேன். அதன் பிரம்பை மதிக்க என்னால் இயலாது.

எழுத்தையும் நடத்தையையும் ஒரே நூலிற் கோத்துத் தந்தவர் ஔவையார். அகர வரிசையில் ஆத்திசூடியை அவர் அமைத்ததனால், எழுத்துக்கு எழுத்து ஒரு நெறி என்று தமிழ்க் குழந்தையின் முதற்பாடமே நடத்தைப் பாடமாயிற்று. நம் புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டியிலே 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி அவர்கள், தமிழ்ப் புலவர்களின் சரித்திரங்களைத் திரட்டி 1859இல் ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது ஔவையாருக்கும் அதில் உரிய ஸ்தானம் அளித்தார். யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலரும், தாம் எழுதிய பாலபாடங்களிலே வாசிப்பையும் ஒழுக்கத்தையும் பிரிக்கவில்லை. எழுத்துக்கு இவர்கள் செய்ததை எண்ணுக்கும் செய்யலாகாதா என்பதே நான் கேட்பது. ஆயினும் ஒரு வேற்றுமையை மறைக்கக் கூடாது: ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு நீதி வாக்கியம் செவிக்கு இனிமையேயன்றிக் கைக்கு வழிகாட்டி ஆவதில்லை.

கைக்கு வழிகாட்டும் முறையை இருபதாம் நூற்றாண்டுக்குக் காட்டித் தந்தவர் இத்தாலி தேசத்து வைத்தியரான மரியா மொண்டிசோரி அம்மையார். உரோமாபுரியின் சான் லொரென்சோ என்னும் ஏழைக் குடியிருப்பிலே 1907 ஜனவரி 6ஆந் திகதி முதற் குழந்தைகள் இல்லத்தைத் திறந்த அவர், 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, யுத்தம் மூண்டதனால் 1946 வரை இந்தியாவிலேயே தங்கி, ஓலைப் பந்தல்களின் கீழே ஆசிரியர்களைப் பயிற்றினார். 1944இல் இலங்கைக்கும் வந்தார். நம் நாட்டிலே மூலை முடுக்குகளிலெல்லாம் முன்பள்ளிகளுக்கு இன்றும் ‘மொண்டிசோரி’ என்றே பெயர் வழங்குகிறது. பெயர் பரவிய அளவுக்கு முறையும் பரவியிருந்தால் நான் இன்று இங்கே பேச வேண்டியிருந்திராது.

சான் லொரென்சோவில் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவத்தை அந்த அம்மையாரே எழுதியிருக்கிறார். மூக்குச் சிந்துவது எப்படி என்று ஒரு நாள் அவர் பாடம் நடத்தினார். கைக்குட்டையை மடிப்பது, பிறர் காணாதபடி மெல்ல எடுப்பது, ஓசைப்படாமற் சிந்துவது, மறுபடியும் மடித்து வைப்பது என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார். குழந்தைகள் சிரிப்பார்கள் என்று அவர் எதிர்பார்த்திருக்க, அவர்களோ இமை கொட்டாமல் மௌனமாகப் பார்த்திருந்து, முடிந்தவுடன் கரகோஷம் செய்தார்கள். ஏனென்றால், மூக்கைத் துடை, அசிங்கமே என்று நாள்தோறும் அவர்களை ஏசாதவர் இல்லை. துடைப்பது எப்படி என்று பொறுமையாகக் காட்டிக் கொடுத்தவர் அதுவரை ஒருவருமில்லை. கதவை ஓசையின்றிச் சாத்துவது, இருவர் பேசிக்கொண்டிருக்கும் இடத்தைக் கடந்து செல்வது, நீர் நிறைந்த குவளையைச் சிந்தாமல் ஒருவர் கையிற் கொடுப்பது ஆகியவையெல்லாம் அவருடைய பள்ளியிலே ஏச்சுக்குரிய விஷயங்களல்ல, செய்து காட்டிப் பழக்கவேண்டிய வித்தைகள்.

எண்ணிலும் அவர் அவ்வாறே செய்தார். பத்து மரக்கோல்கள், மிகச் சிறியது பத்துச் சென்ரிமீற்றர், மிகப் பெரியது ஒரு மீற்றர், சிவப்பும் நீலமுமாக மாறி மாறி வர்ணம் தீட்டியவை. ஐந்தைக் குழந்தை கையில் ஏந்தும்போது அது மூன்றைவிட நீளமானது, கனமானது என்று உடம்பே உணர்கிறது. அதன் பிறகு பூச்சியம் முதல் ஒன்பது வரை எழுதிய பத்து அறைகள் கொண்ட பெட்டி. அவற்றில் இடுவதற்குச் சரியாக நாற்பத்தைந்து குச்சிகள். ஒவ்வோர் அறையிலும் உரிய தொகையை இட்டு முடித்தவுடன் கையில் ஒன்றும் எஞ்சாது. எஞ்சினாலும் குறைந்தாலும், பிழை நேர்ந்ததை ஆசிரியை சொல்லாமலே பெட்டி சொல்லிவிடும். பிள்ளையின் முகம் வாடாமற் பிழையைத் திருத்தும் உபாயம் இது என்பதனாலேயே இதை நான் மிகவும் போற்றுகிறேன். பூச்சியம் என்னும் அறை காலியாகவே இருக்கும். ‘என்னிடம் பூச்சியம் தடவை வா’ என்று அம்மையார் அழைப்பாராம். குழந்தை ஓடி வந்துவிடும். ஒரு தடவை வந்துவிட்டாயே என்பார். அசையாமல் நின்று கொள்வதே சரியான விடை என்று கண்டுபிடிக்கும் வரை இந்த விளையாட்டு நடக்கும். ஆசை இருந்தும் அசையாமல் நிற்கப் பழகியது எண்ணறிவா, அடக்கமா என்று பெற்றோரே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

இத்தகைய உபகரணங்களை வாங்குவதற்கு எங்களிடம் பணம் எங்கே என்று இந்த அவையிற் பலர் நினைக்கலாம். உங்கள் வீடுகளிலே அவற்றினும் சிறந்த உபகரணம் ஒன்று இருக்கிறது. கலியாணத்துக்கும் கந்தூரிக்கும் சஹன் என்னும் பெரிய தட்டு வைத்துச் சாப்பிடும் வழக்கம் நம் முஸ்லிம் குடும்பங்களில் எவ்வளவு காலமாக இருந்து வருகிறது! ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் என்பது முறை. பன்னிரண்டு பேர் வந்தால் இரண்டு, பதினெட்டுப் பேர் வந்தால் மூன்று. பதினாறு பேர் வந்தால் என்ன செய்வது என்பது பெரியவர்களும் ஒரு கணம் யோசிக்கும் கணக்கு. ஆறு பேரும் ஒரே தட்டிலிருந்து உண்ணும்போது எவருடைய கை எதுவரை செல்லலாம் என்பது மரியாதை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுடைய பராமரிப்பிலே வளர்ந்த உமர் இப்னு அபீ ஸலமா என்னும் சிறுவனின் கை ஒரு நாள் தட்டெங்கும் அலைந்துகொண்டிருந்தது. அப்போது பெருமானார் அந்தச் சிறுவனை அருகே வைத்துக்கொண்டு, இறைவன் பெயரைச் சொல்லித் தொடங்கவும், வலக்கையால் உண்ணவும், தனக்கு முன்னால் உள்ளதை உண்ணவும் சொல்லிக் கொடுத்தார்கள். அன்று தொட்டுத் தாம் உண்ணும் முறை அதுவாகவே இருந்தது என்று அவர் பெரியவரான பின் கூறியதாக ஹதீஸ் கிரந்தங்கள் சொல்லுகின்றன. கைந்நீட்டி அடிக்கவில்லை, பிறர் முன்னே நாணச் செய்யவில்லை, செயல் நடந்துகொண்டிருக்கும் அந்தக் கணத்திலே மூன்றே விஷயங்களைச் சொன்னார்கள், அது ஆயுள் முழுதும் நின்றது. இதனினும் சிறந்த உபாத்தியாய முறையை எந்தப் பயிற்சிக் கலாசாலையிற் போய்த் தேடுவது?

சஹன் இல்லாத வீட்டிலும் பாய் இருக்கிறது, கோப்பை இருக்கிறது. விருந்தாளிகள் நாலு பேர் வந்திருக்கிறார்கள். தேநீர் கொண்டுவர எத்தனை கோப்பை வேண்டும் என்று பிள்ளையிடமே கேளுங்கள். அது வாசலுக்குப் போய் ஒவ்வொருவராக எண்ணி வரும்; குசினிக்கு வருவதற்குள் மறந்து மீண்டும் போகும். போகட்டும். மூத்தவருக்கு முதலிற் கொடு என்றால் முதல், இரண்டாம், மூன்றாம் என்னும் வரிசை எண் விளங்கும். குறைந்த கோப்பையைக் கண்டு பிடித்துத் திரும்பி ஓடும்போது கழித்தல் விளங்கும். 

நடத்தையைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டும். இது பெரியவர்களைப் பற்றியது. பிள்ளைக்கு முன்னால் நின்று ‘மாமாவுக்கு நன்றி சொல்லு, சொல்லு’ என்று நெருக்கி, அது வெட்கத்தால் தாயின் முந்தானைக்குள் ஒளியும்போது எல்லோரும் சிரிப்பது நம் வீடுகளிலே சர்வசாதாரணம். அந்தச் சிரிப்பு குழந்தைக்குக் கற்பித்தது என்ன? மரியாதை என்பது வலியவர் எளியவரிடம் வாங்கிக்கொள்ளும் வரி என்பதைத்தான். இந்தப் பகுதியில் அநேக வீடுகளிலே, ‘மகன், இங்க வாங்க’, ‘மகள், உக்காருங்க’ என்று நாலு வயதுக் குழந்தையையும் பன்மையிலே அழைக்கும் வழக்கத்தைக் கேட்டு நான் உள்ளம் மகிழ்ந்திருக்கிறேன். அவ்வாறு அழைக்கப்பட்ட குழந்தைக்குப் பிறரை அவ்வாறு அழைக்கத் தனியே பாடம் நடத்தத் தேவையில்லை. சலாமும் வணக்கமும் ஆயுபோவனும் ஒரே வீதியிலே கேட்கும் மாவட்டம் இது; எதிரே வருபவருக்கு உரிய முகமன் எதுவோ அதைச் சொல்லத் தெரிந்த குழந்தை, தான் மாத்திரமே உலகத்தில் இல்லை என்பதைக் கண்டுகொண்ட குழந்தை.

கடைசியாக ஒரு முறைப்பாடும் ஒரு விண்ணப்பமும். மூன்றரை வயதுப் பிள்ளைக்கு ஒன்றிலிருந்து நூறு வரை இரண்டு பக்கம் எழுதி வரும்படி வீட்டு வேலை கொடுத்து, எழுதாமல் வந்த பிள்ளையின் பிஞ்சு விரலில் அடிமட்டத்தால் தட்டிய முன்பள்ளி ஒன்றை நான் அறிவேன்; அந்தப் பிள்ளை நெடுங்காலம் எண்களைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டது. இதற்கு ஆசிரியையை மாத்திரம் நோவது நியாயமன்று. எத்தனை பக்கம் எழுதியிருக்கிறது என்று கொப்பியைப் புரட்டிப் பார்த்தே முன்பள்ளியின் தரத்தை மதிப்பிடும் பெற்றோர் இருக்கும் வரை, குறைந்த வேதனத்தில் உழைக்கும் அந்தப் பெண் வேறென்ன செய்வார்?

நம் நாட்டிலே ஐந்து வயது பூர்த்தியான பின்னரே முதலாம் ஆண்டில் பிள்ளை சேர்க்கப்படுகிறது. கல்வி மந்திரியாயிருந்த கன்னங்கரா அவர்களின் பெருமுயற்சியால் 1945 முதல் இலவசக் கல்வி நிலைபெற்றிருக்கிறது. எழுதக் கற்பிப்பதற்கும் கூட்டல் கழித்தல் பழக்குவதற்கும் அங்கே வருஷக்கணக்கில் அவகாசம் இருக்கிறது. ஆகையால் முன்பள்ளி ஆசிரியைமாரை நான் வேண்டிக்கொள்வது, கொப்பிகளை வீட்டுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டுச் சிப்பியையும் புளியங்கொட்டையையும் கோப்பையையும் வகுப்பறைக்குக் கொண்டு வாருங்கள் என்பதே. பெற்றோரை வேண்டிக்கொள்வது, ஆசிரியை அவ்வாறு செய்யும்போது, பிள்ளைகள் விளையாடிக்கொண்டே இருக்கின்றனவே என்று குறைகூறாதீர்கள் என்பது. அடுத்த கந்தூரியில் எத்தனை சஹன் வேண்டும் என்று எண்ணிச் சொல்லும் பொறுப்பை உங்கள் வீட்டு ஐந்து வயதுப் பிள்ளையிடம் ஒப்படைத்து, அது எண்ணி முடிக்கும் வரை ஒருவரும் குறுக்கே பேசாமற் காத்திருங்கள்.